கிளாரினெட்டின் சி

தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஒரு கிளாரினெட் புதிதாகச் சேர்ந்தது. அதுவரை அது கல்யாண பேண்டில் இருந்தது.

முதல் ஒத்திகையில் ஆர்மோனியம், "தம்பி, சி சுரம் கொடு" என்றது. கிளாரினெட் கொடுத்தது.

"சீ!" என்று பக்கத்தில் சலங்கையைக் குலுக்கியது டேம்பரின். "தெரு நாய் ஊளையிடுது, கேளு."

"நான் சிதானே வாசிச்சேன், அண்ணே?" என்று ஆர்மோனியத்திடம் கேட்டது கிளாரினெட்.

"உன் சி எங்க சிக்கு ஒரு படி கீழே விழுது."

"பிறந்ததிலேருந்து எங்க கிளாரினெட் வீட்டுல அதுக்குப் பேரு சிதான். பாட்டுத் தாளில் எழுதியிருக்கிறதைப் பிசகாமத்தான் வாசிச்சேன்."

"ஞாயிற்றுக்கிழமையும் இப்படி வாசிச்சா உன்னைப் பேண்டுக்கே அனுப்பிடுவாங்க."

திரும்பிப் போகக் கிளாரினெட்டுக்கு மனமில்லை. அங்கே வெயிலில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஞாயிறன்று, தாளில் சி என்று இருந்த இடத்தில் அது டி வாசித்தது. டி இருந்த இடத்தில் ஈ வாசித்தது. இப்படி எல்லாச் சுரத்தையும் ஒரு படி ஏற்றியே பாட்டை முடித்தது. சுருதி அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜெபத்தில் இருந்த போதகரே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"மனந்திரும்பிட்டியே தம்பி! எப்படித் திருந்தினேன்னு சபை முன்னால எழுந்து சாட்சி சொல்லு" என்றது ஆர்மோனியம்.

"என்னன்னு சொல்ல, அண்ணே? எழுதினபடி வாசிச்சப்போ துரத்தப் பார்த்தீங்க. இன்னைக்கு எழுதினதுல ஒண்ணைக்கூட வாசிக்கல, பாராட்டுறீங்க. அதைச் சொல்லட்டுமா?"

ஆர்மோனியம் துருத்தியில் இருந்த காற்றையெல்லாம் விட்டது.

"ஐயோ, வேண்டாம்டா. மொத்தச் சபையும் 'எங்க கதையும் அதுதான்'னு எழுந்து ஆமென் போட்டுடும்."