டர்க்கன் மூக்கு

"இந்த மூக்கைப் பாரு! இடப்பக்கம் சாயுது. அப்படியே எங்க தாத்தா மூக்கு!" என்றார் கோர்மக் டர்க்கன்.

"உங்க தாத்தாவுக்கு எங்கடா மூக்கு இருந்துச்சு? முகத்துல உருளைக்கிழங்கை ஒட்டினாப்புல இருக்கும். இது எங்க வீட்டு மூக்கு," என்றார் அவருடைய பங்காளி டெக்லன் டர்க்கன்.

மூக்கின் சொந்தக்காரர், பிரிட்டனின் குத்துச்சண்டை சாம்பியன் ரேமண்ட் டர்க்கன், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தில் மேயோ பக்கம் பாலிகிலன் கிராமத்தில் பாதிப் பேர் டர்க்கன்கள்தான். 'சாம்பியனின் மூதாதையர் வாழ்ந்த வீடு' என்று கல்வெட்டு செதுக்கியாகிவிட்டது. மான்செஸ்டரிலிருந்து சாம்பியனையும் வரவழைத்தாகிவிட்டது. அதை யார் வீட்டுச் சுவரில் பதிப்பது என்பதில்தான் இழுபறி. மூன்று மணிக்குப் பாதிரியார் திறந்துவைக்க வருகிறார். இப்போது மணி இரண்டரை.

"சுவருக்கு வெள்ளையடிச்சு ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் மானத்தை வாங்காதே, டெக்லன்."

"நான் கூரையே மாத்திட்டேன்டா!"

"கல்லை உடைச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க," என்றாள் தேநீர் ஊற்றிய கோர்மக்கின் மனைவி நோரா.

ரேமண்ட் மெல்ல, "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்..." என்றார்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. எங்களுக்குள்ள பேசிக்கிறோம்."

பக்கத்து ஊர் கில்கோரன். பத்தொன்பது வருஷமாகக் கால்பந்தில் பாலிகிலனை மண்ணைக் கவ்வ வைக்கும் ஊர். பங்காளிகள் ஒத்துப்போகும் ஒரே விஷயம் அதைத் திட்டுவதுதான்.

"கடவுள் புண்ணியம், தம்பி கில்கோரன் வம்சம் இல்லை," என்றார் டெக்லன்.

"அந்தப் பயந்தாங்கொள்ளிப் பசங்க சாம்பியனைப் பெத்துட்டாலும்! வீரம்லாம் ரத்தத்துல வரணும்டா," என்றார் கோர்மக்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு சமரசமும் பிறந்தது.

"சரி, தம்பியே சொல்லட்டும். உங்க உடம்புல ஓடுறது யார் வீட்டு ரத்தம்?"

ரேமண்ட் கையைத் துடைத்துக்கொண்டார். "மூக்கு போன வருஷம் ஒரு குத்துல உடைஞ்சது, ஐயா. டர்க்கன்ங்கிறது என்னைத் தத்தெடுத்து வளர்த்த அப்பா பேரு. தங்கமான மனுஷன். இது அவர் பூர்வீகம்ங்கிறதாலதான் நீங்க கூப்பிட்டதும் ஓடி வந்தேன்."

கோர்மக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ... உங்களைப் பெத்தவங்க?"

"அவங்களும் இந்தப் பக்கம்தான்," என்றார் ரேமண்ட் தயக்கத்தோடு. "ரெண்டு பேருமே கில்கோரன்."