சூசைமாணிக்கத்தின் பிள்ளைகள்

கல்லறைத் தோட்டத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஊர் வரலாறு எழுதும் ராயபுரத்து சசிகுமார் ஒரு கல்லறை முன் குந்தி, தூசி படிந்த எழுத்துகளில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து வாசிக்கிறார். ‘சூசைமாணிக்கம், தங்கச் சுரங்க இன்ஜினியர். இறப்பு 2006. பிள்ளைகள்: மரியசெல்வம், அருள்தாஸ்.’ நோட்டில் ஒரு கோடு போட்டு இரண்டு கிளை பிரிக்கிறார். “மூத்தவ ஒருத்தி இருக்கேன். எழுதிக்கிடுங்க.” பின்னால் பிலோமினா நிற்கிறாள். பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்தவள். சேலையெல்லாம் பஞ்சுத் தூசி. நெஞ்சில் சளி அடைத்துக் கிடந்த அப்பாவுக்கு ஒன்பது வருஷம் சளிக்கிண்ணம் ஏந்தியவள். “கல்லு வைக்க மட்டும் வந்தானுவ ரெண்டு பேரும்.” சசிகுமார் தலை நிமிராமல் சொல்கிறார்: “கோவிச்சுக்காதீங்க அக்கா. கல்லுல இருக்கறதத்தானுங்க நான் எழுத முடியும்.” அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, துணியில் குறி போடும் சாக்பீஸை எடுக்கிறாள். தம்பிகளின் பெயருக்கு மேலே அழுத்தி எழுதுகிறாள், கருங்கல் கிறீச்சிடுகிறது. ‘பிலோமினா.’ கடைசி எழுத்தில் சாக்பீஸ் நொறுங்குகிறது. தம்பிகளின் பெயர் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது அவளுடையதும். பொடி ஒட்டிய உள்ளங்கையால் அவருடைய நோட்டை ஓங்கித் தட்டுகிறாள். “இப்ப கல்லுல இருக்குல்லா? எழுதும்.”