கொடுத்துவிட்ட பெயர்

சின்ன வயதில் ‘கிழவி பேர்’ என்று எல்லோரும் கேலி செய்த பெய்லா என்கிற பெயர் இப்போது நாகரிகமாகிவிட்டது. பூங்காவில் யாரோ ஆசையாக அப்படிக் கூப்பிட, எழுபத்தாறு வயதுப் பெய்லா திரும்பிப் பார்த்தாள். தள்ளுவண்டியில் ஒரு குழந்தை சிரித்தது.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நிறைமாதமாயிருந்த அக்கா மகள் தாலியா தொலைபேசியில், “பொண்ணுதானாம் சித்தி. உங்க பேரத்தான் வைக்க ஆசை. ஆனா முடியாதே,” என்றாள். உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் மரண தூதன் ஆள் மாறிக் குழந்தையைக் கொண்டுபோய்விடுவான் என்பது அவர்கள் யூதக் குடும்பத்து நம்பிக்கை.

சாகக் கிடப்பவருக்குப் புதுப் பெயர் சூட்டி அதே தூதனை ஏமாற்றுகிற வழக்கமும் உண்டு. மறுநாள் பெய்லா ஜெபாலயத்துக்கு நடந்தே போனாள்.

“பேர மாத்தணும்.”

“உங்களுக்கு என்னம்மா நோய்?” என்றார் மதகுருவான ரபி.

“வயசு.”

அவர் சிரிக்காமல், ‘உயிர்’ என்று பொருள்படும் ஹாயா என்கிற பெயரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கதவிலிருந்த பெயர்ப்பலகையை அவளே கழற்றினாள். “அந்தப் பேர நீ எடுத்துக்க,” என்று தாலியாவிடம் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துத் தாலியா தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வீரிட்டது.

“பெய்லா, என் தங்கமே, நான் இருக்கேன்டி!”

‘ம்’ என்று எழும்பிய குரலை ஹாயா வாயைப் பொத்தி அடக்கினாள்.