மனப்பாடமான நம்பர்

"பிளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சாண்ணே? நாலு ஒம்போது ஏழு ரெண்டு ஆறு. பாருங்க."

பழங்காநத்தம் பேப்பர் கடைக் கூட்டத்தில் நின்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள் அழகம்மாள்.

கடைக்காரர் சுருளி மாலைப் பேப்பரில் இரண்டு தடவை விரலை ஓட்டினார். "இருபத்தஞ்சு இருக்கு. அடுத்து இருபத்தெட்டுதான். மனச விட்றாத தாயி, அக்டோபர்ல எழுதிக்கிறலாம்."

அழகம்மாளின் முகம் பூரித்தது. "இது என் ஓரகத்தி சின்னத்தாய் மக நம்பருண்ணே. காலேஜ் ஃபாரமெல்லாம் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு எம்புட்டுப் பேச்சு பேசுனா!"

"ஏன், உனக்குப் பிள்ளைக இல்லையா?"

"என் மகனும்தான் எழுதியிருக்கான்."

"அவன் நம்பரச் சொல்லு."

"நாலு, ஒம்போது..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

அதற்குள் கூட்டத்தை இடித்துக்கொண்டு சின்னத்தாயே வந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அழகம்மாளை அவள் கவனிக்கவில்லை. "அண்ணே, நாலு ஒம்போது ஆறு ஒன்னு மூணு. சீக்கிரம் பாருங்க."

"பாஸ் தாயி! காலேஜுல சேத்துற வேண்டியதுதான்."

சின்னத்தாயின் முகம் கறுத்துப்போயிற்று.

அந்த முகத்தைப் பார்த்துத்தான், தன் மகன் பாஸ் என்பதைத் தெரிந்துகொண்டாள் அழகம்மாள்.