பொன் சுற்றிய இரும்பு

"வெட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சோப்பு போட்டுப் பார்க்கலாமே," என்றான் நிருபம்.

"ஏழு தடவை போட்டாச்சு. கை வெளுத்ததுதான் மிச்சம்," என்றாள் அவன் மனைவி கேதகி.

காலையில் கொல்லையில் வாழைப்பூ ஒடிக்கப் போனவளை இடது கையில் குளவி கொட்டிவிட்டது. மத்தியானத்துக்குள் கை பொதபொதவென்று வீங்கிப் போயிற்று. சங்கு வளையும் பவள வளையும் அப்போதே கழன்று வந்துவிட்டன. அந்தக் காப்பு மட்டும் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு கிடந்தது. பார்வைக்குப் பொன், உள்ளே இரும்பு. பதினோரு வருஷத்துக்கு முன், கிருஷ்ணநகரில் இந்த வீட்டுப் படியேறிய அன்று மாமியார் சாருபாலா போட்டுவிட்டது. புருஷன் ஆயுசு அந்த இரும்பில் இருக்கிறது, கையைவிட்டு இறங்கவே கூடாது என்பது வங்காளத்து வழக்கம்.

"விரல் நீலம் பாயுது, ஒரு மணி நேரத்துல வெட்டி எடுத்துடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி ஆகிறது. நகை ஆசாரி கோபிந்த கர்மகார் கத்தரியோடு வந்து, பொரி தின்று, இரண்டு டீயும் குடித்து முடித்துவிட்டார். நிருபம்தான் வெட்ட விடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிருபம் ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். அன்று மாலை ஆறு மணிக்கு நூலக மண்டபத்தில் அவன் பேச்சு. "என் மனைவி கையில் கிடப்பது காப்பல்ல, விலங்கு" என்று மேடைக்கு மேடை முழங்குகிறவன். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

"எனக்காகச் சொல்லலை கேதகி. உன் மனசு கஷ்டப்படுமேன்னு பார்க்கிறேன்."

"என் மனசுக்கு ஒண்ணுமில்லீங்க. விரல்தான் மரத்துப்போச்சு."

"தங்கம் விக்கிற விலையில அதைப் போய் வெட்டுவாங்களா?"

"துளி சேதாரம் ஆகாது. திரும்பப் பத்தவெச்சுக் கொடுத்துடறேன்," என்றார் ஆசாரி.

"இன்னிக்குச் சனிக்கிழமை வேற..." என்று ஆரம்பித்த நிருபம், ஆசாரி நிமிர்ந்து பார்த்ததும், "கடை சீக்கிரம் மூடிடுவீங்களேன்னு சொல்ல வந்தேன்," என்று முடித்தான்.

"கடையே உங்க கூடத்துலதானே உக்காந்திருக்கு."

கேதகிக்கு வயிறெரிந்தது. தன் உயிர் என்று வந்ததும் மனைவியின் விரல் இந்த மனுஷன் கண்ணில் படவில்லையே. இவனே இப்படி என்றால், மாமியார் வந்து என்ன ஆட்டம் ஆடுவாளோ என்ற பயம் வேறு.

உள்ளிருந்து சாவிச் சத்தம் கேட்டது. சாருபாலா வருகிறாள் என்று அர்த்தம். பெரிய வளையத்தில் கோத்த சாவிக்கொத்தைப் புடவை முந்தானையில் முடிந்து, தோள்வழியே முதுகில் போட்டிருப்பாள். சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு போடும் வீடு அது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரு நாழிகை, அந்தக் கொத்தை மருமகளிடம் தந்ததில்லை. குளிக்கப் போனாலும் கூடவே போகும். கேதகியும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

"இன்னும் என்ன யோசனை? வெட்டுப்பா கோபிந்தா. பொண்ணுக்கு விரல் போயிடப் போகுது," என்றாள் சாருபாலா.

கேதகியால் தன் காதை நம்ப முடியவில்லை. பிள்ளை தும்மினால் காளிக்கு நேர்ந்துகொள்கிறவளா இப்படிச் சொல்கிறாள்? இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கண் கலங்கிற்று.

"அம்மா, நீயா சொல்றே?" என்றான் நிருபம்.

"நீதானேடா ஊரெல்லாம் விலங்கு விலங்குன்னு பேசறே. விலங்கைத்தான் வெட்டச் சொல்றேன்."

நிருபம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஆசாரி கத்தரியை நுழைத்து ஓர் அழுத்து அழுத்தினார். காப்பு விட்டது. கேதகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நிருபம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "நெஞ்சு லேசா அடைக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்குக் கூட்டத்துக்கு வரலைன்னு சொல்லி அனுப்பிடு."

ஆசாரி வெட்டுவாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாழைத்தண்டு மாதிரி அறுபடுதேன்னு அப்பவே நினைச்சேன். இதுக்குள்ள இரும்பே இல்லை. வெறும் செப்புக் கம்பி."

"பதினோரு வருஷமா நான் போட்டிருந்தது செம்பா?" என்றாள் கேதகி, மாமியாரைப் பார்த்து.

நிருபம் துள்ளி எழுந்தான். தான் யார், எந்த மன்றத்துச் செயலாளர் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. "அப்ப இத்தனை வருஷம் என்னைக் காப்பாத்தினது எது?"

சாருபாலா முந்தானையை முன்னால் இழுத்தாள். சாவிகளை ஒதுக்கிவிட்டு, அவை தொங்கிய கறுத்த வளையத்தைக் காட்டினாள்.

"அன்னிக்கு, மூணு நாள் முன்னாடி பார்த்திருந்த பொண்ணு கையில என் பிள்ளை உயிரைக் கொடுத்துட்டு உக்காந்திருக்க நான் என்ன பைத்தியமா? இரும்பு இதோ இருக்கு."

நிருபத்தின் நெஞ்சடைப்பு உடனே விட்டது. சட்டையை மாட்டி, 'மூடநம்பிக்கையை வேரறுப்போம்' என்று தலைப்பிட்ட காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி நின்று, "அம்மா, சாவிக்கொத்து பத்திரம்," என்றான்.