விசில் மாஸ்டரின் கடைவாய்ப்பல்

“அந்த இடுக்கியைக் கீழ வைங்க டாக்டரம்மா!”

மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் தள்ளியவள் விசில் மாஸ்டரின் மனைவி. டாக்டரம்மாவுக்குச் சுர்ரென்றது. நாற்காலியில் மல்லாந்து கிடந்த மாஸ்டர், மரத்துப்போன வாயைப் பிளந்தபடி கண்ணை மட்டும் உருட்டினார். வீட்டில் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே ரிட்டயர் ஆனவர் அவர். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தாலும் மீசை மட்டும் விறைப்பாகத்தான் நின்றது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த விசிலுக்குப் பயந்து ஓடியவர்கள்.

“எலும்பு மாத்திரை சாப்பிடறீங்களான்னு இவரைக் கேட்டீங்களா?”

“கேட்காம இருப்பேனா? ‘எலும்பா? எனக்கா? அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்’னு நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவருக்குத் தெரியாது டாக்டரம்மா. எலும்புத் தேய்மானத்துக்கு எனக்குக் குடுத்த மாத்திரை. வாரத்துக்கு ஒண்ணு. எப்படியோ இவரோட மாத்திரையில கலந்துபோச்சு. நாலு வருஷமா இவர்தான் முழுங்கிட்டு இருக்கார் போல.”

“போலவா?”

இடுக்கி தட்டில் ‘ணங்’கென்று விழுந்தது.

“அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா, சில பேருக்குத் தாடை எலும்பு ஆறவே ஆறாதும்மா. செத்துப்போய் வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். எல்லாருக்கும் வராது, வந்தா லேசுல விடாது. கட்டின புருஷனுக்கு என்ன மாத்திரை எடுத்துக் குடுக்கறோம்னுகூடவா பார்க்க மாட்டீங்க?”

“அடிப்பாவி!”

மாஸ்டர் துள்ளி எழுந்தார். மரத்த உதட்டில் வார்த்தை வழுக்கினாலும் குரல் என்னவோ மைதானத்துக் குரல்தான்.

“பொம்பளை மாத்திரையைக் குடுத்து என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தியா?”

வெளியே பெஞ்சு மொத்தமும் ‘உச்’ கொட்டியது.

“சிங்கம் மாதிரி மனுஷன். வாய்ச்சது பாரு!”



“பிடுங்க வேண்டாம் சார். வேருக்குச் சிகிச்சை பண்ணிப் பல்லைக் காப்பாத்திடலாம். எலும்பு டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் மீசையைத் தடவியபடி வெளியே போய், அனுதாபிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மனைவியைத் திட்டும் கச்சேரியைத் தொடர்ந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“சரி, உங்க மாத்திரையை அவர் முழுங்கிட்டார். இத்தனை நாளா மருந்தில்லாம உங்க எலும்பு என்ன கதியில இருக்கோ?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“அப்ப மாத்திரை?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு எழுதினதுதான். ஒரு நாள் தும்மினார், விலா எலும்பு விரிசல் விட்டுப்போச்சு. பெட்டிக்குள்ள இருந்த காகிதத்துல ‘மாதவிடாய் நின்ற பெண்களுக்கு’ன்னு போட்டிருந்ததா, படிச்சுட்டு மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டார். அதுல போடலேன்னாலும் ஆம்பளைங்களுக்கும் குடுக்கறது உண்டுன்னு எலும்பு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். கேட்டாத்தானே! மானம் போச்சுன்னு ஒரே அழுகை. நான்தான், ‘ஊருக்கு என் மாத்திரைன்னு சொல்லிக்கறேன், நீங்க முழுங்கித் தொலைங்க’ன்னேன். முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாதில்ல? வாசல்ல விறைப்பா நிப்பார். தெருவே உடற்பயிற்சின்னு நினைச்சுக்கும்.”

டாக்டரம்மா திகைத்துப்போனார். “அப்ப அந்த ‘அடிப்பாவி’?”

“நல்லா நடிச்சார் இல்ல?”

வெளியே மாஸ்டரின் சத்தம் மெல்ல இறங்கியது. அவள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுப் பரபரத்தாள்.

“பாவம், களைச்சுட்டார். நீங்க கொஞ்சம் கதவைத் திறந்துவச்சுக்கிட்டு என்னை நாலு திட்டு திட்டுங்க டாக்டரம்மா. அப்பத்தான் வெளியே நம்புவாங்க.”