பன்னிரண்டாவது ஆள்

இரவு வேலை முடிந்து, இத்தாலியின் கால்சாப் பகுதியில் கல்லூரிக் கூடைப்பந்துத் திடலின் கம்பிவேலியோரம் நிற்கிறேன். ஈரத் தரையில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பதினொரு பெண்கள் பந்தைத் தட்டாமல் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் வராமல் பயிற்சி கிடையாது. பயிற்சியாளர் ஜெனனியின் சட்டம் அது. அதை வைத்தே ஒன்பது வருடத்தில் மூன்று கோப்பை வாங்கிவிட்டாள். தான் வேலைசெய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடமிருந்து பன்னிரண்டாவது ஆளாகக் கிளறா ஓடிவருகிறாள்.

"அக்கா, சிஞ்ஞோரா இப்பதான் விட்டவ."

"ஓம், மகாராணிக்குக் காத்து எங்களுக்குக் கால் விறைச்சுப்போச்சு. வா!"

ஜெனனி பந்தை எறிகிறாள். தமிழ் புரியாத பெண்களும் சிரிக்கிறார்கள். ஒருகாலத்தில் இதே திடலில் நானும் ஜெனனியும் ஓரணியில் ஆடினோம். நான் படிப்பை விட்டு வேலைக்குப் போன முதல் நாள், அணித்தலைவியான அவள் நான் வந்துசேரக் காத்திராமல் ஏழு மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். பிறகும் ஒருவரும் என்னைத் தேடவில்லை. கிளறா மூச்சு வாங்கியபடி பந்தைப் பிடிக்கிறாள். அவளைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.